ரவுட்டர் பெட்டியை அறிந்து பராமரிப்போம்

கிராமத்துக்கு ஒரு வீதி வந்தால் அதற்கு மதகு வேண்டும், வடிகான் வேண்டும், மாரிக்கு முன்னர் பார்த்துச் சீர்செய்ய ஆட்களும் வேண்டும். வீதியைப் போட்ட ஒப்பந்தக்காரர் போன பின்னர் அதைக் காப்பது ஊரவரின் பொறுப்பாகிறது. இணையமும் இன்று ஒரு வீதியே. அவ்வீதி எமது கட்டடத்துக்குள் நுழையும் வாசலில் இருப்பது ரவுட்டர் என்னும் சிறிய பெட்டி. சனசமூக நிலையங்களிலும், கூட்டுறவுச் சங்க அலுவலகங்களிலும், பாடசாலைகளிலும், பல வீடுகளிலும் இப்பெட்டி இன்று உண்டு. பொருத்த வருபவர் சிறிது நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறார். அதன் பின்னர் அது நின்று போகும் நாள் வரை எவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதனால் வரும் நட்டம் சிறியதல்ல. 2020 ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எமது நாட்டின் பின்தங்கிய கிராமங்களில் பிள்ளைகள் பாடம் படிப்பதற்காக மலை உச்சிகளிலும் மரங்களிலும் ஏறி சிக்னல் தேடினார்கள். இணைப்பு இருப்பதற்கும் இல்லாமைக்கும் உள்ள வேறுபாட்டை அன்று எல்லோரும் கண்டோம். இன்று சங்கத்தின் கணக்குகள், வங்கி அலுவல்கள், வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுடனான உரையாடல் எல்லாம் இந்தப் பெட்டி வழியாகவே போகின்றன. அது நின்றால் அவையும் நிற்கும். அதைவிடக் கெடுதியானது, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறொருவரின் கைக்குப் போய்விடுவது. அப்போது இழப்பது பணமாகவும் இருக்கலாம்.

இப்பெட்டியைச் சரியாக அமைக்கவும் பராமரிக்கவும் பொறியியலாளர் தேவையில்லை. வாசிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள எவரும் கற்றுக்கொள்ளலாம். முதலில் அது என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம்.

ரவுட்டரின் வேலை

நாம் அனுப்பும் செய்தியோ படமோ இணையத்தில் ஒரே துண்டாகப் போவதில்லை. அது சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் அனுப்புபவரின் முகவரியும் பெறுபவரின் முகவரியும் எண்களாக எழுதப்பட்டிருக்கும். இதனையே ஐ.பி. முகவரி என்கிறோம். ரவுட்டர் ஒரு உபதபாலகம் போன்றது. உபதபாலகத்தில் இருப்பவருக்கு உலகத்து வீதிகள் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. கடிதம் தனது ஊருக்குரியதானால் கொடுத்துவிடுவார். இல்லாவிட்டால் பெரிய தபாலகத்துக்குப் போகும் பையில் போடுவார். எமது ரவுட்டரும் அப்படியே. தனது கட்டடத்துக்குள் இருக்கும் கருவிக்குரியதை அக்கருவிக்குக் கொடுக்கும். மற்றவற்றைச் சேவை வழங்கும் கம்பனியின் பெரிய ரவுட்டருக்குத் தள்ளிவிடும். இவ்வாறு பல ரவுட்டர்கள் கைமாற்றிக் கைமாற்றியே ஒரு பொட்டலம் கடல் கடந்து போய்ச் சேருகிறது.

இம்முறை புதியதன்று. 1969 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்ப்பாநெட் வலையமைப்பில் ஒவ்வொரு நிலையத்திலும் பொட்டலங்களை வாங்கி அனுப்புவதற்கென்றே ஒரு தனி இயந்திரம் வைக்கப்பட்டது. குளிர்சாதனப் பெட்டி அளவில் இருந்த அந்த இயந்திரமே இன்றைய ரவுட்டரின் முன்னோடி.

எமது சிறிய ரவுட்டர் இன்னுமொரு வேலையும் செய்கிறது. பழைய முறைப்படி உலகம் முழுவதற்கும் உள்ள ஐ.பி. முகவரிகள் சுமார் 430 கோடி மாத்திரமே. அவற்றின் மத்திய இருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்து போயிற்று. எனவே ஒரு கட்டடத்திலுள்ள எல்லாக் கருவிகளும் பெரும்பாலும் ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. பல தோட்டங்களில் லயங்களுக்குத் தனித்தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டத்தின் பொது முகவரிக்கு வந்து, அங்கிருந்து ஆளுக்காள் பிரித்துக் கொடுக்கப்படும். ரவுட்டர் செய்வதும் இதுவே. உள்ளே இருக்கும் எந்தக் கருவி எதைக் கேட்டது என்று ஒரு அட்டவணையில் குறித்து வைத்து, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. உள்ளே பயன்படுத்துவதற்கென்று சில எண் தொடர்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் அவற்றுள் ஒரு வகை.

லயத்துக் கடிதங்கள் பிரிக்கப்படும் இடத்தில் பொறுப்பற்றவர் ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பது அங்கு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். கடிதம் தாமதிக்கும், தொலையும், சில வேளை பிறரால் உடைத்துப் படிக்கப்படும். ரவுட்டரை நாம் கவனிக்க வேண்டியதன் காரணமும் இதுவே.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

ரவுட்டரின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருக்கும். அதில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற ஒரு முகவரியும், நிர்வாகிக்கான பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். ரவுட்டருடன் இணைந்த கணனியிலோ கைத்தொலைபேசியிலோ இணையப் பக்கம் பார்க்கும் மென்பொருளைத் திறந்து, அம்முகவரியைத் தட்டினால் ரவுட்டரின் அமைப்புப் பக்கம் வரும். அங்கே பின்வருவனவற்றை ஒழுங்காகச் செய்க.

1. நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்றுக. ஒரு ரவுட்டரில் இரண்டு கடவுச்சொற்கள் உள்ளன. வைபை கடவுச்சொல் படலைத் திறப்பு; அதைப் பலருக்கும் கொடுக்கிறோம். நிர்வாகிக் கடவுச்சொல் அலுமாரித் திறப்பு. அது இரண்டு பேரிடம் மாத்திரம் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருத்தல் ஆகாது.

2. வைபை கடவுச்சொல்லை நீளமாக வைக்க. ஒன்றுடன் ஒன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவில் நிற்கும். பிறரால் ஊகிப்பதும் கடினம். ஊர்ப் பெயர், தொலைபேசி எண், பிறந்த ஆண்டு என்பன வேண்டாம்.

3. பாதுகாப்பு முறையைப் பார்க்க. அமைப்புப் பக்கத்தில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதைத் தெரிவு செய்க. பழைய கருவிகள் அதை ஏற்காவிடின் டபிள்யூ.பி.ஏ.2 போதும். டபிள்யூ.ஈ.பி. என்னும் மிகப் பழைய முறையை எக்காரணத்துக்காகவும் பயன்படுத்த வேண்டாம். அதை உடைக்கும் வழி 2001 இலேயே வெளியாகிவிட்டது.

4. டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்துக. கடவுச்சொல் தட்டாமல் எட்டு இலக்க எண் ஒன்றினால் இணைவதற்காக இவ்வசதி செய்யப்பட்டது. எட்டு இலக்கம் என்றால் கோடிக்கணக்கான எண்களை முயன்று பார்க்க வேண்டும் என்று நினைப்போம். ஆனால் ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதிகளாகச் சரிபார்க்கிறது. கடைசி இலக்கமோ முன்னையவற்றிலிருந்து கணிக்கக்கூடியது. ஆகவே முதற் பாதிக்கு 10,000, மறு பாதிக்கு 1,000, மொத்தம் 11,000 முயற்சிகளே போதும். இக்குறைபாடு 2011 டிசம்பரில் வெளியிடப்பட்டது.

5. வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை நிறுத்துக. ரவுட்டரின் அமைப்புப் பக்கம் கட்டடத்துக்குள் இருந்து மாத்திரம் திறந்தாற் போதும். இணைப்பைத் தந்த கம்பனி தனது பராமரிப்புக்காக ஒரு வழியை வைத்திருக்கக்கூடும். அதை மாற்றுமுன் அவர்களிடம் கேட்டறிக.

6. விருந்தினர் வலையமைப்பைத் தனியாக்குக. பல ரவுட்டர்களில் இவ்வசதி உண்டு. வாசிகசாலைக்கு வருவோரும் மாணவர்களும் அதில் இணையட்டும். சங்கத்தின் கணக்குக் கணனி முதன்மை வலையமைப்பில் இருக்கட்டும். ஒருவரின் கைத்தொலைபேசியில் உள்ள வைரஸ் சங்கத்தின் கணக்குக் கணனியை எட்டுவதற்கு இது பெரிய தடையாகும்.

7. அமைப்புகளைப் பிரதியெடுத்து வைக்க. அமைப்புப் பக்கத்தில் பிரதியெடுக்கும் இடம் இருக்கும். கம்பனி தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு கொப்பியில் எழுதி, காசுப் பெட்டியுடன் பூட்டி வைக்க.

ஏன் இவ்வளவு கவனம்?

எமது சிறிய கிராமத்துப் பெட்டியை யார் தேடி வரப் போகிறார்கள் என்று சிலர் கேட்பர். திருடன் வீடு பார்த்து வருகிறான். ஆனால் இணையத்தில் திரியும் தீய மென்பொருள் ஊர் பேர் பார்ப்பதில்லை. அது முகவரி எண்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகிறது.

2016 இல் பரவிய மிராய் என்னும் மென்பொருள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தொழிற்சாலையில் வைத்த பெயர்களும் கடவுச்சொற்களும் அடங்கிய சுமார் 60 சோடிகள் மாத்திரமே அதனிடம் இருந்தன. அவற்றைக் கொண்டே அது இலட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. பிடிபட்ட கருவிகள் 2016 ஒக்டோபர் 21 ஆம் திகதி டைன் என்ற அமெரிக்கக் கம்பனி மீது ஒரே நேரத்தில் பொட்டலங்களைக் கொட்டின. டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற பெரும் தளங்களைப் பல மணித்தியாலங்கள் பலரால் திறக்க முடியாமற் போயிற்று. அடுத்த மாதம் அதன் இன்னொரு வகை ஜேர்மனியில் ரவுட்டர்களைத் தாக்கியது. ஏறத்தாழ 9 இலட்சம் வாடிக்கையாளர்களின் சேவை பாதிக்கப்பட்டது. மிராய் புகுந்த பெட்டியை நிறுத்தி மீண்டும் போட்டால் அது அழிந்துவிடும். ஆனால் கடவுச்சொல் மாற்றப்படாவிடின் சில நிமிடங்களிலேயே திரும்பவும் புகுந்துவிடக் கூடும்.

பிரேசில் நாட்டில் நடந்தது இன்னும் பாடமானது. நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டும்போது அப்பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டி.என்.எஸ். என்னும் சேவை. தொலைபேசி விபரக்கொத்துப் போன்றது அது. எந்த விபரக்கொத்தைப் பார்ப்பது என்பது ரவுட்டரிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பிரேசிலில் 2011 அளவில் ஏறத்தாழ 45 இலட்சம் இணைப்புப் பெட்டிகளில், அவற்றின் மென்பொருளில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்தி, கள்வர்கள் இக்குறிப்பை மாற்றினார்கள். மக்கள் சரியான பெயரையே தட்டினார்கள். போய்ச் சேர்ந்ததோ கள்வர் வைத்த போலித் தளத்துக்கு. கணனியில் வைரஸ் தடுப்பு இருந்தும் பலருக்குப் பயனில்லை. குற்றம் கணனியில் இல்லை, பெட்டியில் இருந்தது.

இக்காரணங்களாலேயே பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இலகுவான கடவுச்சொல்லை வைத்து விற்பது சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது.

உள்மென்பொருளைப் புதுப்பித்தல்

ரவுட்டருக்குள் அதை இயக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. பிரேசிலில் இடம் கொடுத்தது அதிலிருந்த குறையே. குறை கண்டுபிடிக்கப்பட்டால் தயாரித்த கம்பனி திருத்திய பிரதியை வெளியிடும். தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் அதை இயக்கி விடுக. இல்லாவிடின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அமைப்புப் பக்கத்தில் பார்க்க. தயாரித்த கம்பனியோ இணைப்புத் தந்த கம்பனியோ அல்லாத வேறெந்த இடத்திலிருந்தும் பிரதியை எடுக்க வேண்டாம். புதுப்பிக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால் பெட்டி செயலற்றுப் போகலாம். ஆகவே மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாளிலும் மழை இருட்டும் நேரத்திலும் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம். தயாரித்த கம்பனி திருத்தங்கள் வெளியிடுவதை நிறுத்திவிட்ட பழைய பெட்டியை, அது நன்றாக ஓடினாலும், மாற்றத் திட்டமிடுவதே நல்லது.

எங்கே வைப்பது?

பெட்டி களவு போகும் என்று இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இரும்பும் தகரமும் வானொலி அலைகளைத் தடுக்கும். தண்ணீர்த் தாங்கியும் தடித்த சுவரும் அலையை வலுவிழக்கச் செய்யும். கட்டடத்தின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, காற்றோட்டமுள்ள மரத் தட்டில் வைப்பதே சிறந்தது. கதிர் வெயில் படும் யன்னலோரமும் சமையலறைப் புகையும் ஆகாது. எறும்பும் பல்லியும் இளஞ்சூட்டை நாடி உள்ளே புகும். மாதம் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்தி, காய்ந்த தூரிகையால் தூசியைத் தட்டிவிடுக. ஈரத் துணி வேண்டாம்.

வைபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹேட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு கடக்கும். ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹேட்ஸ் வேகமானது, தூரம் குறைவு. 2.4 இல் அயலில் பல பெட்டிகள் இருந்தால் ஒன்றையொன்று குழப்பும். அங்கு 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களே ஒன்றன்மேல் ஒன்று படாதவை. அயலவர் 1 இல் இருந்தால் நீங்கள் 6 அல்லது 11 க்கு மாறலாம். நிரந்தரமாக ஓரிடத்தில் இருக்கும் கணனியை வடத்தால் இணைப்பதே மேல். சாதாரண வலையமைப்பு வடம் 100 மீற்றர் வரை நம்பத்தக்கது.

மின்னலும் மின்வெட்டும்

எமது நாட்டில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடி மின்னல் அதிகம். ரவுட்டருக்கு மின்னல் இரண்டு வழியாக வரலாம்: ஒன்று மின்சார வழி, மற்றது செப்புக் கம்பியான தொலைபேசி வழி. கூரையில் பூட்டிய அன்ரெனாவின் வடமும் ஒரு வழியே. மின்செருகியை மாத்திரம் கழற்றிவிட்டுத் தொலைபேசிக் கம்பியை விட்டுவிட்டால் பாதி வேலையே செய்தவர்கள் ஆவோம். இரண்டையும் கழற்ற வேண்டும். அதுவும் மழை இருட்டும்போதே கழற்ற வேண்டும். இடி முழங்கத் தொடங்கிய பின்னர் கம்பிகளைத் தொடுவது உயிருக்கு ஆபத்து. பெட்டியை விட உயிர் பெரிது. கண்ணாடி இழை இணைப்பானால் இழை மின்சாரத்தைக் கடத்தாது; ஆயினும் மின்செருகியைக் கழற்ற வேண்டும். மின்னல் தடுப்புள்ள செருகிப் பலகைகள் கடையில் உண்டு. புவியிணைப்பு ஒழுங்காக இல்லாத கட்டடத்தில் அவற்றால் பயன் குறைவு.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பெரும்பாலான சிறிய ரவுட்டர்கள் 12 வோல்ற்றில் இயங்குபவை. அவை எடுக்கும் மின்சாரமும் குறைவு. ரவுட்டருக்கென்றே செய்யப்பட்ட சிறிய பற்றரிப் பெட்டி ஒன்று சில மணித்தியாலங்கள் தாங்கும். வாங்குமுன் ரவுட்டரின் அடப்ரரில் எழுதியுள்ள வோல்ற், அம்பியர் அளவுகளைக் குறித்துக்கொண்டு போக. வோல்ற் சமமாக இருக்க வேண்டும்; அம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். செருகியின் நேர், மறை முனைகளும் பொருந்த வேண்டும்.

இணைப்பு நின்றால்

பதற்றத்தில் எல்லாக் கம்பிகளையும் இழுப்பதும், பின்னால் இருக்கும் சிறு துவாரத்தில் ஊசியால் குத்துவதும் பலர் செய்வது. அத்துவாரத்தினுள் உள்ள பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் நீங்கள் செய்த எல்லா அமைப்புகளும் அழிந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் பெட்டி திரும்பும். பழைய கடவுச்சொல்லும் திரும்பி வரும். அது கடைசி வழி. அதற்கு முன் கிட்ட இருந்து தூரத்துக்கு ஒவ்வொன்றாகப் பார்க்க.

முதலில், ஒரு கருவியில் மாத்திரமா எல்லாக் கருவிகளிலுமா இணையம் இல்லை? ஒன்றில் மாத்திரமானால் குறை அக்கருவியில். எல்லாவற்றிலும் ஆனால் பெட்டியின் விளக்குகளைப் பார்க்க. மின்சார விளக்கு எரியாவிடின் செருகியையும் அடப்ரரையும் பார்க்க. அது எரிந்து, கம்பி இணைப்புக்குரிய விளக்கு எரியாவிட்டால் குறை வெளிக் கம்பியில் இருக்கலாம். கண்ணாடி இழைப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். இழை மடிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கம்பனிக்கு அறிவிக்க. எல்லா விளக்கும் சரியாக இருந்தும் இணையம் இல்லையெனில், மாதத்துக்குரிய டேட்டா முடிந்துவிட்டதா, கட்டணம் நிலுவையா என்று பார்க்க. பின்னர் பெட்டியை நிறுத்தி, 30 விநாடி பொறுத்து, மீண்டும் போட்டு, மூன்று நிமிடம் காத்திருக்க. அதன் பின்னரும் வராவிட்டால் கம்பனியை அழைக்க. எந்த விளக்கு எந்த நிறத்தில் எப்போதிலிருந்து எரிகிறது என்று சொன்னால் அவர்களும் விரைவாகக் குறையைக் காண்பர்.

கொப்பியும் ஆட்களும்

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி தொங்கட்டும். இணைப்பு நின்ற திகதி, நேரம், கண்ட விளக்குகள், செய்த வேலை, திரும்பி வந்த நேரம் என்பவற்றை எழுதுக. கடவுச்சொல் எதையும் இக்கொப்பியில் எழுத வேண்டாம். மூன்று மாதத்தில் அக்கொப்பியே பேசும். ஒவ்வொரு நாளும் பிற்பகலில் நின்றால் சூடு காரணமாகலாம். மழைக்குப் பின் நின்றால் வெளிக் கம்பியின் இணைப்பில் நீர் புகுந்திருக்கலாம். கம்பனியிடம் முறையிடும்போதும் வெறும் குறை சொல்லாமல் சான்றுடன் பேசலாம்.

பொறுப்பை ஒருவரிடம் மாத்திரம் விட வேண்டாம். ஊரில் கணனி தெரிந்த இளைஞர் ஒருவர் எல்லாவற்றையும் தன் மனத்தில் வைத்திருப்பார். அவர் வெளிநாடு போனதும் கடவுச்சொல்லும் அவருடன் போய்விடும். இருவரைப் பயிற்றுக, ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். முன்பள்ளி ஆசிரியைகளும் சங்கப் பொருளாளர்களும் ஊரில் நிலைத்திருப்பவர்கள். ஒழுங்காகப் பதிவு வைக்கப் பழகியவர்கள். கொத்மலை சமூக வானொலியில் 1990 களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் இணையத் திட்டம் தொடங்கியபோது, கேட்போரின் கேள்விகளுக்கு விடையை அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி ஒலிபரப்பினார்கள். ஒரே இணைப்பு பல கிராமங்களுக்குப் பயன்பட்டது. அப்படிப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் இணைப்புக்குக் காவலும் பலரிடம் இருக்க வேண்டும்.

சங்கத்தின் காலாண்டுக் கணக்கைப் பார்க்கும் நாளிலேயே ரவுட்டரையும் பார்க்க ஒரு வழமை செய்யலாம். இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைத் திறந்து தெரியாதவை உண்டா என்று பார்த்தல், டி.என்.எஸ். குறிப்பு முன்னர் எழுதி வைத்தபடி உள்ளதா என ஒப்பிடுதல், உள்மென்பொருளைச் சரிபார்த்தல், வைபை கடவுச்சொல்லைத் தேவைப்பட்டால் மாற்றுதல், அடப்ரர் அளவுக்கு மிஞ்சிச் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தல் ஆகிய ஐந்தும் அரை மணித்தியால வேலை. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகச் சேர்த்து, பொறுப்பேற்கும் இருவரின் பெயரையும் அன்றே கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்க.